இணைய மோசடியில் சிக்காமலிருக்க முழுமையான வழிகாட்டி: வந்த வழியில் பதில் சொல்லாதீர்கள்

ஒரு குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "இது உண்மையா, ஏமாற்றா? பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் பல வருடங்களாக இந்த உதவியைச் செய்துவருகிறேன். முன்பெல்லாம் எழுத்துப்பிழை, மங்கலான லோகோ, ஒட்டாத மொழிநடை என்று எதையாவது காட்டி, "பாருங்கள், இது போலி" என்று சொல்லிவிட முடிந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடிவதில்லை. பிழையில்லாத தமிழில் கடிதம் எழுதிக்கொடுக்கச் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. வங்கியின் இணையப் பக்கத்தை அச்சு அசலாக நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். குரலையும் முகத்தையும்கூடப் போலியாகச் செய்துவிடலாம்.

அதனால் பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் திறமையை இந்த வழிகாட்டி நம்பவில்லை. களைப்பாக இருக்கும்போதும், பயந்திருக்கும்போதும், வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போதும் கைகொடுக்கும் பழக்கங்களைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். முதல் படி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். நேரமில்லாதவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

என் பெரியம்மா கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் சுபாவம். ஒருநாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். நாற்பது நிமிடத்தில் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. "அவன் சொன்னது எல்லாமே சரியா இருந்துச்சுப்பா. என் முழுப்பேரு, வீட்டு விலாசம், கார்டோட கடைசி நாலு நம்பர். வங்கிக்காரங்களுக்குத்தானே அது தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அவர் சரிபார்க்கத்தான் செய்தார். ஆனால் அவன் கொடுத்த தகவலை வைத்து, அவன் பிடித்திருந்த அழைப்புக்குள்ளேயே இருந்துகொண்டு சரிபார்த்தார்.

படி 1: வழியை மாற்றுங்கள்

உங்களைத் தேடி வந்த அழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் தகவல் எதுவானாலும், அதில் பணமோ, கடவுச்சொல்லோ, ஓடிபியோ, அடையாள ஆவணமோ, ஏதாவது ஆப் போடச் சொல்வதோ வந்தால் அந்த வழியை அங்கேயே விட்டுவிடுங்கள். அழைப்பைத் துண்டியுங்கள். லிங்கைத் தொடாதீர்கள். பிறகு நீங்கள் ஏற்கெனவே அறிந்த வழியில் அந்த நிறுவனத்திடம் போங்கள். கார்டின் பின்புறம் அச்சிட்ட எண், பாஸ்புக்கில் உள்ள எண், போனில் முன்பே இருக்கும் அதிகாரபூர்வ ஆப், நீங்களே தட்டச்சு செய்யும் இணைய முகவரி, நேரில் போகக்கூடிய கிளை ஆகியவைதான் அந்த வழிகள்.

அழைத்தவர் உண்மையான ஊழியராகவே இருந்தாலும் இதில் நட்டம் எதுவுமில்லை. "நானே உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறேன்" என்றால் உண்மையான ஊழியர் சரி என்பார். மோசடிக்காரர்தான் "துண்டித்தால் கணக்கு முடங்கிவிடும்" என்று உங்களை அழைப்பிலேயே பிடித்துவைக்கப் பார்ப்பார்.

இதைச் செய்யும்போது நான்கு இடங்களில் பலரும் சறுக்குகிறார்கள்.

திரையில் தெரியும் எண்ணை நம்புவது ஒன்று. அழைக்கும் எண்ணைப் பொய்யாகக் காட்டத் தொழில்நுட்பம் இருக்கிறது. வங்கியின் எண்ணே திரையில் தெரிந்தாலும் அழைப்பது வங்கி என்று ஆகிவிடாது. குறுஞ்செய்தியும் அப்படித்தான். அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்பினால், வங்கியிடமிருந்து முன்பு வந்த உண்மையான செய்திகளுக்குக் கீழேயே, அதே உரையாடலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய செய்திகள் உண்மை என்பதால் புதியதையும் நம்பிவிடுகிறோம்.

கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, முதலில் வருவதை அழைப்பது இன்னொன்று. தேடல் முடிவின் மேல்பகுதியில் வருவது விளம்பரமாக இருக்கலாம், யாரோ பதிவிட்ட போலி எண்ணாகவும் இருக்கலாம். வழியை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு மோசடிக்காரரிடமே நேராகப் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, அவர்கள் கொடுக்கும் சான்று. ஊழியர் அடையாள அட்டையின் படம், முத்திரை போட்ட கடிதம், புகார் எண் எல்லாமே அவர்கள் கையிலிருந்து வருபவை. எதற்கும் மதிப்பில்லை. நம் பெயரும் விலாசமும் அவர்களுக்குத் தெரிவதும் சான்றாகாது. எத்தனையோ நிறுவனங்களிலிருந்து கசிந்த தகவல்கள் பட்டியல் பட்டியலாக விற்பனையில் இருக்கின்றன.

நான்காவது, அவர்களே ஏற்பாடு செய்யும் வீடியோ அழைப்பு. 2024-ல் ஹாங்காங்கில் வெளியான ஒரு வழக்கு இதற்குப் பாடம். அரப் என்ற பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊழியர் ஒருவருக்குத் தலைமை நிதி அதிகாரியின் பெயரில், ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். சந்தேகம் சரியானது. பிறகு ஒரு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். அந்த அதிகாரியும் தெரிந்த சக ஊழியர்களும் திரையில் இருந்ததால் சந்தேகத்தைக் கைவிட்டார். அவர்கள் அத்தனை பேரும் டீப்ஃபேக், அதாவது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி உருவங்கள். ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. சந்தேகத்தை மோசடிக்காரர் காட்டிய வாசலிலேயே தீர்த்துக்கொள்ளாமல், தன்னிடம் இருந்த எண்ணில் அந்த அதிகாரியை ஒருமுறை அழைத்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

அலுவலகத்தில் பில் பார்த்துப் பணம் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இதே பழக்கம் வேண்டும். 2013 முதல் 2015 வரை லிதுவேனியா நாட்டவர் ஒருவர், கணினி உதிரிபாகம் வழங்கும் நிறுவனம்போல நடித்துப் போலி விலைப்பட்டியல் அனுப்பியே கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் பெற்றார். 2019-ல் அவருக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டுப் பழைய கோப்பில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

படி 2: உடம்பில் வரும் மாற்றத்தைக் கவனியுங்கள்

எல்லா மோசடியும் நம்மை ஒரு உணர்ச்சிக்குள் தள்ளப் பார்க்கும். பயம் (கணக்கு முடங்கும், வழக்கு வரும்), ஆசை (பரிசு, இரட்டிப்பு லாபம்), பாசம் (மகனுக்கு விபத்து), அதிகாரத்துக்குப் பணியும் குணம் (மேலதிகாரி சொல்கிறார்) என்று நாலைந்து வகைதான். பெரும்பாலும் கூடவே ஒரு கெடுவும் இருக்கும்: "இன்னும் 15 நிமிடத்தில்." நெஞ்சு படபடப்பதும் கை வேகமாவதும் நமக்கே தெரியும். செய்தியின் உள்ளடக்கத்தை ஆராய்வதைவிட இந்தப் படபடப்பை அடையாளமாக எடுத்துக்கொள்வது சுலபம். படபடப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருபது நிமிடம் எதுவும் செய்வதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்து வையுங்கள். நிஜமான எந்த வங்கி விவகாரமும் இருபது நிமிடம் தாங்கும். (பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அதற்குப் படி 8.)

அந்த இருபது நிமிடத்தில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போதே பாதி தெளிந்துவிடும். "இதை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று யாராவது சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அது மோசடி. ரகசியம் காக்கச் சொல்லிப் பணம் கேட்கும் நேர்மையான நிறுவனம் எதையும் நான் கண்டதில்லை.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று நொடிக் குரல் மாதிரி இருந்தால் ஒருவரைப் போலவே பேசவைக்கும் மென்பொருளை 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். நாம் போடும் வீடியோக்களில் அதைவிட நீளமாகவே குரல் கிடைக்கும். "அம்மா, போன் தொலைஞ்சுபோச்சு, வேற நம்பர்ல பேசறேன், உடனே பணம் வேணும்" என்று மகளின் குரலே கேட்டாலும், மகளின் பழைய எண்ணுக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் எங்கும் இல்லாத, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த வார்த்தையாக இருக்கட்டும். அதைப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிவைக்காமல் நேரில் பேசி முடிவுசெய்யுங்கள்.

படி 3: இணைய முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முகவரியில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்குச் சற்று முன்னால் புள்ளியோடு இருக்கும் கடைசி இரண்டு துண்டுகள்தான் உரிமையாளரின் பெயர். தமிழிலேயே ஒரு கற்பனை முகவரி எழுதிக் காட்டுகிறேன்:

நம்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/உள்நுழைவு

இது நம்வங்கியின் பக்கம்போலத் தெரிகிறது. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதோ "சரிபார்ப்பு.நெட்". அந்தப் பெயரை வாங்கியவர் அதற்கு முன்னால் என்ன வார்த்தையை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். தபால் விலாசத்தில் ஊர்ப் பெயர் கடைசியில் வருவதுபோல, இங்கேயும் கடைசியில் இருப்பதுதான் கணக்கு. (சில நாடுகளின் முகவரிகள் இரண்டு துண்டு முடிவோடு இருக்கும். அங்கே கடைசி மூன்று துண்டைப் பாருங்கள்.)

எழுத்து ஒற்றுமையை வைத்தும் ஏமாற்றுவார்கள். ரஷ்ய மொழிக்குப் பயன்படும் சிரில்லிக் எழுத்துகள் சில, ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். 2017-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் முகவரிபோலவே தெரியும் ஒன்றை முழுக்கச் சிரில்லிக் எழுத்துகளால் பதிவுசெய்து காட்டினார். அப்போதைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பு என்று இன்னும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். உங்கள் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே தகவல் மறைகுறியாக்கப்பட்டு, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுச் செல்கிறது என்பதுதான் பூட்டின் பொருள். தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதைப் பூட்டு சொல்லாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களிலும் பூட்டு உண்டு. இந்தத் தவறான நம்பிக்கையின் காரணமாகவே கூகுள் 2023-ல் குரோமின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டது.

கியூஆர் கோடும் ஒரு லிங்க்தான். கண்ணால் படிக்க முடியாத லிங்க் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். பொது இடத்தில் ஒட்டிய கோடின் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் முகவரியையோ பெறுநர் பெயரையோ படித்த பிறகு தொடருங்கள்.

இவ்வளவு விளக்கிய பிறகும் சொல்கிறேன்: முகவரி படிப்பது இரண்டாவது அரண்தான். சின்னப் போன் திரையில் முகவரி முழுதாகத் தெரிவதே இல்லை. படி 1-ஐப் பின்பற்றினால் இதற்கு அவசியமே அபூர்வமாகத்தான் வரும்.

படி 4: கடவுச்சொல்லை ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்யுங்கள்

கடவுச்சொல்லில் நாம் செய்யும் பெரிய தவறு, ஒன்றையே பல இடங்களில் வைப்பது. ஏதோ ஒரு சிறிய தளத்திலிருந்து உங்கள் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கசிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடியவர்கள் அந்த இணையை மென்பொருள் மூலம் நூற்றுக்கணக்கான வேறு தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். கசிவு நம் கையில் இல்லை. யாஹூ நிறுவனத்தில் 2013-ல் நடந்த ஊடுருவலில் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனமே 2017-ல் ஒப்புக்கொண்டது. ராக்யூ என்ற தளத்திலிருந்து 2009-ல் கசிந்த 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் "123456" என்று வைத்திருந்தது தெரிந்தது.

இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் உங்கள் முதன்மை மின்னஞ்சல். எல்லாக் கணக்குகளின் "கடவுச்சொல் மறந்துவிட்டது" வழியும் அங்கேதான் போய் முடிகிறது. மின்னஞ்சல் போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும். வேறெங்கும் இல்லாத நீளமான கடவுச்சொல் வையுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து வார்த்தைகளைக் கோத்துவிட்டால் நினைவில் நிற்கும், உடைப்பதும் கடினம். வார்த்தைகளை அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து எடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வரியும் பழமொழியும் கூடாது. அவை திருடர்களின் பட்டியலிலும் இருக்கும்.

மற்ற கணக்குகளுக்கு, கடவுச்சொற்களை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று. போனிலேயே வரும் ஆப்பிள், கூகுள் வசதி போதும். தனியாக வேண்டுமென்றால் பிட்வார்டன் போன்றவை இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்தில்லையா என்ற தயக்கம் நியாயமானது. ஆனாலும் ஒரே கடவுச்சொல்லை முப்பது இடத்தில் வைப்பதைவிட இது பல மடங்கு மேல். இன்னொரு நன்மையும் உண்டு. மேனேஜர் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். மேலே சொன்ன சிரில்லிக் முகவரியில் நம் கண் ஏமாறும், மேனேஜர் ஏமாறாது. வழக்கமாகத் தானே நிரப்பிவிடும் பக்கத்தில் அது நிரப்ப மறுத்தால், கையால் தட்டச்சு செய்யாமல் வெளியேறிவிடுங்கள்.

கணினி வேண்டாம் என்பவர்கள், குறிப்பாகப் பெரியவர்கள், ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டிவைக்கலாம். இதைச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள். வீட்டுக்குள் வந்து நோட்டைத் திருடுபவரைவிட, உலகின் மறுமூலையிலிருந்து கடவுச்சொல்லை ஊகிப்பவர்தான் நிஜமான ஆபத்து.

மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றும் வழக்கம் தேவையில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கசிந்துவிட்டதாகத் தெரியவந்தால் உடனே மாற்றினால் போதும். உங்கள் மின்னஞ்சல் எந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்பதை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய "ஹேவ் ஐ பீன் போன்ட்" தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

படி 5: இரண்டாவது பூட்டு

கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் சேர்க்கும் இருபடிச் சரிபார்ப்பை மின்னஞ்சல், வங்கி, வாட்ஸ்அப், சமூக ஊடகம் எல்லாவற்றிலும் இயக்குங்கள். இரண்டாவது சரிபார்ப்பே இல்லாமலிருப்பதைவிடக் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி நல்லது. அதற்கும் பலவீனம் உண்டு. உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கி எண்ணைத் தன் வசமாக்கிக்கொள்வதைச் சிம் ஸ்வாப் என்கிறார்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே, அவரது தொலைபேசி எண் இப்படிக் கைமாறியதால் பறிபோனது. போனில் திடீரென நெட்வொர்க் முழுவதும் போய், மணிக்கணக்கில் திரும்பாவிட்டால், வேறொரு போனிலிருந்து சேவை நிறுவனத்தை உடனே அழையுங்கள்.

மாறிக்கொண்டே இருக்கும் குறியீட்டைப் போனிலேயே காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் குறுஞ்செய்தியைவிட உறுதியானது. அதையும்விட உறுதி பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக, போனைத் திறப்பதுபோல விரல்ரேகை, முகம் அல்லது பின் எண் காட்டி நுழையும் வசதி) அல்லது பாதுகாப்புச் சாவி (கருவியில் செருகும் சிறு சாதனம்). காரணம் எளியது: ஓடிபியை நாம் வாயால் சொல்லிவிடலாம், போலிப் பக்கத்தில் தட்டிவிடலாம். பாஸ்கீ அது உருவாக்கப்பட்ட தளத்தின் முகவரியில் மட்டுமே வேலை செய்யும். நாமே ஏமாந்து கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. 2017 தொடக்கத்திலிருந்து தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கிய கூகுள், அதன்பின் அலுவலகக் கணக்கு ஒன்றுகூடப் பிஷிங்கில், அதாவது போலிச் செய்தியாலோ போலிப் பக்கத்தாலோ ஏமாற்றித் திருடுவதில், போகவில்லை என்று 2018-ல் சொன்னது. பாஸ்கீ வசதி இருக்கும் தளத்தில் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது எதற்கான ஓடிபி என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். "பரிசை உறுதிசெய்ய" என்று அழைத்தவர் சொல்ல, செய்தியிலோ "பணப் பரிமாற்றத்துக்கு" என்று இருக்கும். பெரியம்மாவுக்கு வந்த செய்தியிலும் அப்படித்தான் இருந்தது. அவன் பேச்சை நிறுத்தாததால் அவரால் படிக்க முடியவில்லை.

வாட்ஸ்அப்புக்கு ஒரு கூடுதல் சொல். தெரிந்த நண்பரிடமிருந்தே "தவறுதலா உன் நம்பருக்கு ஆறு இலக்கக் கோடு வந்திருக்கும், அனுப்பேன்" என்று வரும். நண்பரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது, அடுத்தது உங்களுடையது. அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்புக்கான பின் எண்ணை வையுங்கள். "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலையும் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் வெளியேற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.

இருபடிச் சரிபார்ப்பை இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைய அதுதான் வழி.

படி 6: போனும் கணினியும்

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற வைரஸ் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அப்டேட் நின்றுபோன பழைய போனில் வங்கி ஆப் வேண்டாம்.

ஆப்களை அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்து மட்டும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் கோப்பாக வரும் திருமண அழைப்பிதழோ அபராத ரசீதோ ஏபிகே என்று முடிந்தால் அது அழைப்பிதழ் இல்லை, ஆப். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியும், "அணுகல்தன்மை" என்ற அனுமதியும் கேட்கும் ஆப்களிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அணுகல்தன்மை அனுமதி, பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்காக உருவானது. அதைப் பெற்ற ஆப் உங்கள் திரையைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானைத் தட்டவும் முடியும்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தொலைவிலிருந்து கணினியைச் சரிசெய்ய உதவும் நேர்மையான மென்பொருள்கள். உங்களைத் தேடி அழைத்த ஒருவர் அவற்றைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொன்னாலும் அதே பதில்தான். நீங்கள் வாயால் சொல்லாவிட்டாலும் திரையில் வரும் ஓடிபியை அவர் படித்துவிடுவார்.

முக்கியமான கோப்புகளுக்கும் படங்களுக்கும் இரண்டு பேக்கப் வையுங்கள். ஒன்று வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில், வேலை முடிந்ததும் கழற்றிவைத்த நிலையில். இன்னொன்று கிளவுடில்.

பொது வைஃபை பற்றிப் பலரும் மிகவும் பயமுறுத்துகிறார்கள். இன்று பெரும்பாலான தளங்களும் ஆப்களும் மறைகுறியாக்கத்தோடு இயங்குவதால், பத்து வருடம் முன்பிருந்த ஆபத்து இப்போது இல்லை. வைஃபைக்குப் பயந்து செலவிடும் கவலையை ஓடிபி மீது வைத்தால் நல்லது.

படி 7: அடிக்கடி வரும் வேடங்கள்

முதலீட்டு மோசடிதான் இவற்றில் மிகக் கொடியது, ஏனென்றால் அது அவசரப்படுவதில்லை. தவறான எண்ணுக்கு வந்ததுபோல ஒரு "வணக்கம்". பிறகு வாரக்கணக்கில் நட்பு, சில சமயம் காதல். ஒருநாள் தன் லாபத்தைக் காட்டி ஒரு ஆப்பைச் சொல்வார்கள். சிறு தொகை போட்டால் லாபத்தோடு திரும்ப எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. பெரிய தொகை போட்டதும், எடுக்க வேண்டுமானால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். திரையில் ஏறிக்கொண்டே போகும் எண்கள் அவர்கள் எழுதியவை. உங்கள் பணத்தை எடுக்க மேலும் பணம் கட்டச் சொன்னால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், போனது போகட்டும்.

மறுமுனையில் தட்டச்சு செய்பவரும் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது. நல்ல சம்பள வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் அவர்களில் பலர். அதனால் வெளிநாட்டு வேலை வாய்ப்பு வந்தால் நிறுவனத்தின் பதிவு, விசா வகை, தூதரகத்தின் எச்சரிக்கை மூன்றையும் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள். வீட்டிலிருந்தே லைக் போட்டால் பணம் என்பதும், வேலை தர முன்பணம் கேட்பதும் மோசடிதான்.

காவல்துறை, சுங்கத்துறை என்று சீருடையோடு வீடியோ அழைப்பில் தோன்றி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்று மிரட்டுவது இன்னொரு வேடம். கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டுப் போகக் கூடாது என்பார்கள். வீடியோ அழைப்பில் கைது என்ற ஒன்று கிடையாது. "விசாரணைக்காக" உங்கள் பணத்தைத் தங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லும் காவல் நிலையமும் கிடையாது. துண்டித்துவிட்டு நேரில் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

பழைய பொருளை விற்கும்போது, "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவைப்படாது. கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பித் தாருங்கள் என்றால், கணக்கு இருப்பை ஆப்பில் பார்த்த பிறகு பேசுங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பில்லை.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டலில் சிக்குபவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகை ஏறும். பேச்சை நிறுத்தி, ஆதாரத்தைச் சேமித்து, புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், நம் வீட்டுப் பிள்ளை நம்மிடம் வந்து சொல்லும் அளவுக்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும். "என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லு, திட்டமாட்டேன்" என்று இன்றைக்கே ஒருமுறை சொல்லிவையுங்கள்.

படி 8: சிக்கிவிட்டால் முதல் ஒரு மணி நேரம்

முதலில் வங்கி. உங்களுக்குத் தெரிந்த எண்ணில் அழைத்து, கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள், பரிமாற்றத்தை நிறுத்தக் கேளுங்கள், புகார் எண் வாங்குங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு நிமிடக்கணக்கில் ஓடும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கிரிப்டோவாக மாறிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

அடுத்து, ஆப் ஏதாவது போட்டிருந்தால் அந்தப் போனின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். மின்னஞ்சல் அமைப்புகளில் மீட்பு எண் மாற்றப்பட்டிருக்கிறதா, உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி விதி எதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதை மறந்துவிட்டுக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றியவர்கள் மறுபடியும் சிக்கியிருக்கிறார்கள்.

எதையும் அழிக்காதீர்கள். கோபத்திலும் வெட்கத்திலும் உரையாடலை நீக்கத்தான் கை போகும். அழைத்த எண், நேரம், பரிமாற்ற எண், கணக்கு எண், இணைய முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, உங்கள் நாட்டின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். அந்தப் பிரிவின் எண்ணை இப்போதே அரசுத் தளத்தில் பார்த்து, வங்கி எண்ணோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் தேடினால் போலி எண் கையில் கிடைக்கும்.

சில வாரம் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வழக்கறிஞர் பெயரிலோ அதிகாரி பெயரிலோ ஒருவர் அழைக்கக்கூடும். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது. முன்கட்டணம் கேட்டால் அது அதே கூட்டத்தின் இரண்டாவது வருகை.

பெரியம்மா எங்களிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். "உங்ககிட்ட எந்த முகத்தோட சொல்றதுன்னு தெரியலைப்பா" என்றார். வங்கியிடம் சொல்வதையும் அதனாலேயே தள்ளிப்போட்டிருந்தார். அதற்குள் பணம் கடந்துபோன கணக்குகள் காலியாகிவிட்டன. வீட்டில் யாராவது இப்படி வந்து நின்றால், "எப்படிப் போய் நம்பினீங்க?" என்று தொடங்காதீர்கள். "எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கிலிருந்து போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வங்கிக்கு எண்ணைச் சுழற்றுங்கள்.